இயற்கை உணவு: விலை கொடுப்பது யார்?

நம் நகரங்களில் ஒரு புது வகைக் கடை பெருகி வருகிறது. பெயர்ப் பலகையில் ஒரு பச்சை இலை இருக்கும். உள்ளே போனால் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, காட்டுயானம் என்று அரிசி வகைகள் வரிசையாக இருக்கும். மரச்செக்கு எண்ணெய் இருக்கும். நாட்டுச் சர்க்கரை இருக்கும். ஒரு மூலையில், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூச்சி கடித்த கத்தரிக்காயும் இருக்கும்.

சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய இந்தக் கடைகள் இப்போது மாவட்டத் தலைநகர்களுக்கும் வந்துவிட்டன. "ரசாயன உரம் போடாதது, மருந்து அடிக்காதது" என்பதுதான் கடைக்காரர் சொல்லும் விளம்பரம். விலை? சாதாரணப் பொன்னி அரிசி கிலோ 60 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, இங்கே பாரம்பரிய அரிசி 100 ரூபாயைத் தாண்டும். கருப்புக் கவுனி 150 ரூபாயையும் தாண்டும். ஆனாலும் வாங்குகிறார்கள்.

இது நல்ல அறிகுறிதான். சோறு எங்கிருந்து வருகிறது என்று கேட்க மறந்திருந்த நகரத்து மக்கள், மீண்டும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதை நாம் வரவேற்க வேண்டும்.

ஆனால் இந்தக் கேள்வியோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இந்த மாற்றத்துக்கு விலை கொடுப்பது யார்? கடையில் பணம் கொடுப்பவரா? வயலில் நிற்பவரா?

பயம் வீண் பயம் அல்ல

"எல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு" என்று சிலர் கேலி பேசுகிறார்கள். அது சரியல்ல. மக்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்தில், முந்திரித் தோட்டங்களுக்கு மேலே விமானம் மூலம் எண்டோசல்பான் மருந்தைப் பல ஆண்டுகள் தெளித்தார்கள். அங்கே பிறவிக் குறைகளோடும் தீராத நோய்களோடும் வாழும் குடும்பங்களின் துயரம் நாடு முழுவதும் தெரிந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது.

மராட்டிய மாநிலத்தில் யவத்மால் மாவட்டம் பருத்திக்குப் பெயர் போனது. 2017-இல் அங்கே பருத்திக்கு மருந்து அடித்த குடியானவர்களும் கூலிக்காரர்களும் அந்த நஞ்சை மூச்சில் இழுத்து, 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். முகத்துக்கு மூடி இல்லை. கைக்கு உறை இல்லை. வயலில் நிற்கும் மனிதன்தான் நஞ்சை முதலில் சுவாசிக்கிறான். சாப்பிடுகிறவருக்கு வருவது மிச்சம்தான்.

இந்த உண்மையை நகரத்தில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இயற்கை விவசாயத்தால் முதலில் பிழைப்பது உண்பவர் அல்ல, உழுபவர்!

உணவின் சத்து பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அறிஞர்கள், அதுவரை நடந்த நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிகளை ஒன்று திரட்டிப் பார்த்து 2012-இல் முடிவு சொன்னார்கள். இயற்கை முறையில் விளைந்த உணவில் சத்து அதிகம் என்பதற்குப் பலமான சான்று இல்லை. ஆனால் பூச்சி மருந்தின் மிச்சம் அதில் குறைவு. இதுதான் அவர்கள் கண்டது. ஆகவே, "இதைச் சாப்பிட்டால் எல்லா நோயும் தீரும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. "நஞ்சு குறைவு" என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

குடியானவர் குற்றவாளியா?

அப்படியானால் உரமும் மருந்தும் போட்ட விவசாயி குற்றவாளியா? அவர்மீது பழி போடுவது எளிது. ஆனால் நாம் பழைய கதையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1943-இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான மக்கள் தெருவில் விழுந்து இறந்தார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகும் பற்றாக்குறை தீரவில்லை. 1965, 1966 ஆண்டுகளில் மழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் தானியம் என்ற நிலை வந்தது. கப்பல் பாய்மரத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும் நாட்டுக்கு மானம் ஏது?

அந்த நாளில் மத்திய உணவு மந்திரியாக இருந்தவர் நம் சி. சுப்பிரமணியம். 1966-இல் மெக்சிகோ நாட்டிலிருந்து 18,000 டன் கோதுமை விதையைத் தருவித்தார். விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் அந்த வேலைக்குத் துணை நின்றார். அதே ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் வந்தது. தஞ்சையில் ஆடுதுறை 27 பரவியது.

குட்டை நெல்லில் என்ன விசேஷம்? நம் பழைய நெல் உயரமாக வளரும். அதற்கு உரத்தை அதிகமாகப் போட்டால் கதிர் கனத்துச் சாய்ந்து விடும். குட்டை நெல் சாயாது. போட்ட உரத்துக்கு ஏற்ப மணி கூடும். அத்துடன் மாப்பிள்ளைச் சம்பா போன்ற நெல் 5 மாதத்துக்கு மேல் வயலில் நிற்க வேண்டும். புதிய குறுவை நெல்லோ 110 நாளைச் சுற்றி அறுவடைக்கு வந்துவிடும். ஒரு போகம் விளைந்த இடத்தில் இரண்டு போகம் விளைந்தது.

1951-இல் நம் நாட்டு மக்கள் தொகை 36 கோடி. விளைந்த உணவு தானியம் சுமார் 5 கோடி டன். இன்று மக்கள் தொகை 140 கோடியைத் தாண்டிவிட்டது. 2022-23-இல் விளைந்த உணவு தானியம் சுமார் 33 கோடி டன். வாய் 4 மடங்கு ஆயிற்று. தானியம் 6 மடங்குக்கு மேல் ஆயிற்று.

இதைச் செய்தது யார்? நாம் "விளைவி, விளைவி" என்று கேட்டோம். விவசாயி விளைவித்துக் கொடுத்தார். "யூரியா போடு" என்று சொன்னதும் அரசாங்கம்தான். "மருந்து அடி" என்று சொன்னதும் அரசாங்கத்தின் அதிகாரிகள்தான். வயிறு நிறைந்த பிறகு, "நஞ்சை விளைவித்தாய்" என்று அவரையே ஏசுவது என்ன நீதி? குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான்!

யூரியா மலிந்தது, மண் மெலிந்தது

ஆனால் அந்தப் பாதையில் தவறு நேரவில்லை என்று சொல்ல முடியாது.

45 கிலோ யூரியா மூட்டையின் விலை சுமார் 267 ரூபாய். ஒரு குடும்பம் ஓட்டலில் ஒரு வேளை டிபன் சாப்பிடும் காசு! அதன் உண்மையான அடக்க விலையில் பெரும் பங்கை மத்திய அரசாங்கமே கொடுத்துவிடுகிறது. எல்லா உரங்களுக்குமாக 2022-23-இல் அரசாங்கம் கொடுத்த மானியம் சுமார் 2½ லட்சம் கோடி ரூபாய்.

பயிருக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மூன்றும் வேண்டும். 2010-இல் மற்ற உரங்களுக்கு மானியக் கணக்கை மாற்றினார்கள். அவற்றின் விலை ஏறியது. யூரியாவை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதன் விலை அப்படியே இருந்தது. மலிவாக இருப்பதைத்தானே குடியானவர் அள்ளிப் போடுவார்? தழைச்சத்து அதிகமாகி, மற்றவை குறைந்தன.

நெல் வயலில் போடும் யூரியாவில் பாதிகூடப் பயிருக்குப் போய்ச் சேருவதில்லை. மிச்சம் காற்றோடும் தண்ணீரோடும் போகிறது. அதிகத் தழைச்சத்தால் பயிர் கரும்பச்சையாகச் செழிக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த இளந்தழையைத் தேடிப் புகையான் பூச்சி வரும். பூச்சி வந்தால் மருந்து. மருந்து அடித்தால் பூச்சியைத் தின்னும் சிலந்தியும் சாகும். சிலந்தி செத்தால் புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகும். மறுபடியும் மருந்து!

இந்தச் சக்கரத்தில் சிக்கிக் கொண்டவர் விவசாயி. மருந்துக் கடைக்காரர் கடனுக்குக் கொடுப்பார். அவரே ஆலோசனையும் சொல்வார். அறுவடை முடிந்து கடன் போகப் பார்த்தால், உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழிதான் மிஞ்சும்.

இதிலிருந்து வெளியே வர வழி தேடியவர்களில் முதல்வராக நாம் சொல்ல வேண்டியவர் நம்மாழ்வார். 1960-களில் கோவில்பட்டி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர் அவர். அந்த வேலையை விட்டு ஊர் ஊராக நடந்தார். 2004 சுனாமியில் நாகைக் கடற்கரை வயல்கள் உப்பேறிக் கிடந்தபோது, பசுந்தழை உரத்தால் அவற்றை மீட்கலாம் என்று விவசாயிகளோடு நின்றார். 2013 டிசம்பர் 30-இல் அவர் மறைந்தார். திருவாரூர் மாவட்டத்தில் 'நெல்' ஜெயராமன், மறைந்து கொண்டிருந்த பாரம்பரிய நெல் வகைகள் நூற்றைம்பதுக்கு மேல் தேடிச் சேர்த்தார். ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி அவற்றை விவசாயிகள் கையில் கொடுத்தார். 2018-இல் அவரும் மறைந்தார். இன்று கடையில் நாம் வாங்கும் காட்டுயானத்துக்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது.

சாணக் கணக்கு

"அப்படியானால் நாளைக்கே எல்லாரும் இயற்கை விவசாயத்துக்கு மாறிவிட வேண்டியதுதானே?" என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கேதான் ஒரு கணக்கு குறுக்கே நிற்கிறது.

யூரியாவில் 100-க்கு 46 பங்கு தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் 20 கிலோவுக்குச் சற்று மேல் தழைச்சத்து இருக்கிறது. நன்றாக மக்கிய தொழு உரத்தில் 100-க்கு அரைப் பங்குதான் தழைச்சத்து. ஒரு மூட்டை யூரியா கொடுக்கும் தழைச்சத்தைத் தொழு உரத்திலிருந்து பெற வேண்டுமானால், சுமார் 4 டன் உரம் வேண்டும். ஒரு மூட்டைக்குப் பதில் இரண்டு டிராக்டர் லோடு!

தொழு உரம் யூரியாவைப் போன்றதல்ல; அது மண்ணுக்கு உயிரும் கொடுக்கிறது, ஈரத்தையும் பிடித்து வைக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்த 4 டன்னுக்கு மாடு வேண்டும். மாட்டுக்குத் தீவனம் வேண்டும். உரத்தை அள்ளவும் இறைக்கவும் ஆள் வேண்டும். உழவு மாடு போய் டிராக்டர் வந்துவிட்ட ஊரில் சாணத்துக்கு எங்கே போவது?

தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி ஆகியவற்றை விதைத்து மடக்கி உழலாம். அவை காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். ஆனால் அவை வளர 45 நாளாவது வயலும் தண்ணீரும் வேண்டும். கால்வாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் கொண்டிருக்கும் டெல்டா விவசாயிக்கு 45 நாள் என்பது சின்ன விஷயமல்ல.

விளைச்சலும் குறையும். உலகம் முழுவதும் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து, கனடா, அமெரிக்க நாட்டு விஞ்ஞானிகள் 2012-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். பயிரையும் நிலத்தையும் பொறுத்து, இயற்கை விவசாயத்தில் விளைச்சல் 100-க்கு 5 முதல் 34 பங்கு வரை குறைகிறது என்பதே அது. நல்ல அனுபவமும் நல்ல மண்ணும் இருந்தால் குறைவு சொற்பம்தான். புதிதாக மாறுகிறவருக்கு அடி பலமாக விழும்.

ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். மண் மாறக் காலம் வேண்டும். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து நாடு காட்டிவிட்டது.

இலங்கை தந்த பாடம்

2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. ரசாயன உரமும் பூச்சி மருந்தும் இனிமேல் நாட்டுக்குள் வரக்கூடாது என்பதே அந்த உத்தரவு. அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் கோத்தபய ராஜபக்சே. 2019 தேர்தலில் அவர், 10 ஆண்டுகளில் நாட்டை இயற்கை விவசாயத்துக்கு மாற்றுவேன் என்று சொல்லியிருந்தார். 10 ஆண்டு வேலையை ஒரே நாளில் செய்யத் துணிந்தார். மக்கள் ஆரோக்கியம் என்று காரணம் சொன்னார்கள். உரம் வாங்கக் கையில் டாலர் இல்லை என்பது இன்னொரு காரணம்.

கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நெல் விவசாயிகள் திகைத்து நின்றார்கள். யூரியா இல்லை. அதற்குப் பதிலாகப் போதுமான இயற்கை உரமும் இல்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்த இயற்கை உரத்தில் கெடுதல் செய்யும் கிருமி இருக்கிறது என்று சொல்லி அதை இறக்க மறுத்தார்கள். தேயிலைத் தோட்டங்களும் தவித்தன. விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள்.

நவம்பர் மாதம் தடையை விலக்கிக் கொண்டார்கள். ஆறே மாதம்! ஆனால் அதற்குள் பருவம் போய்விட்டது. நெல் விளைச்சல் சரிந்தது. அரிசியில் தன்னிறைவை எட்டியிருந்த நாடு வெளியிலிருந்து அரிசி வாங்கியது. 2022-இல் இந்தியாவிடமிருந்து யூரியாவும் வாங்கியது.

இலங்கை பட்ட எல்லாத் துன்பத்துக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்வது தவறு. கடன் சுமையும் அன்னியச் செலாவணித் தட்டுப்பாடும் பெரிய காரணங்கள். ஆனால் பசித்த வீட்டில் அடுப்பையும் அணைத்தது இந்த உத்தரவு. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இங்கே பதறினார்கள், சிதறியது.

பதறாமல் செய்தவர்கள்

இதைக் காட்டி, "இயற்கை விவசாயமே பொய்" என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அதுவும் தவறு. நிதானமாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள்.

இந்தோனேசியாவில் 1980-களில் புகையான் பூச்சி நெல்லை அழித்தது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது. மருந்துதான் சிலந்தியைக் கொன்று புகையானை வளர்க்கிறது என்று விஞ்ஞானிகள் எடுத்துச் சொன்னார்கள். 1986-இல் அந்த நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளுக்குத் தடை விதித்தது. அதன் பிறகு வயலிலேயே பள்ளி வைத்து, எந்தப் பூச்சி நண்பன், எந்தப் பூச்சி பகைவன் என்று குடியானவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது. நெல் விளைச்சல் சரியவில்லை.

கவனிக்க வேண்டும். அவர்கள் தடுத்தது மருந்தை, உரத்தை அல்ல. தடுத்ததோடு நிற்கவில்லை, கற்றுக் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் சிக்கிம் மாநிலம் 2003-இல் இயற்கை விவசாயத்துக்கு மாற முடிவு செய்தது. ரசாயன உரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தது. சுமார் 75,000 ஹெக்டேர் நிலம் மாறியது. 2016 ஜனவரியில்தான் "முழு இயற்கை விவசாய மாநிலம்" என்று அறிவித்தார்கள். 13 ஆண்டுகள்! அதுவும் ஏலக்காயும் இஞ்சியும் விளையும் சிறிய மலை மாநிலம். சோற்றுக்கு அரிசியைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்குகிறது. தஞ்சாவூரைச் சிக்கிமோடு ஒப்பிட முடியாது. ஆனால் அந்தப் பொறுமையை நாம் கற்றுக் கொள்ளலாம்.

தமிழ்நாடு அரசாங்கமும் 2023 மார்ச் மாதத்தில் இயற்கை விவசாயத்துக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. பாரம்பரிய நெல்லைக் காக்க ஜெயராமன் பெயரில் ஓர் இயக்கத்தையும் நடத்துகிறது. நல்ல ஆரம்பம். ஆனால் முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது.

மூன்று வருஷம் யார் சோறு போடுவது?

ஒரு விவசாயி இன்று உரத்தை நிறுத்தினால், நாளைக்கே அவர் நெல்லுக்கு "இயற்கை" என்ற முத்திரை கிடைக்காது. நெல், காய்கறி போன்ற பயிருக்கு 2 ஆண்டும், தென்னை, மா போன்ற மரங்களுக்கு 3 ஆண்டும் நிலம் மாறுதலில் இருக்க வேண்டும். அதுதான் சட்டம்.

அந்தக் காலத்தில் விளைச்சல் குறையும். ஆனால் விலை கூடாது. சாதாரண நெல்லோடு சாதாரண விலைக்கே போட வேண்டும். கூலி கூடும். களை கூடும். வீட்டில் கல்யாணம் வரும், பிள்ளைக்குக் காலேஜ் சம்பளம் கட்ட வேண்டியிருக்கும். அந்தச் செலவுகள் மண் மாறும் வரை காத்திருக்குமா?

இந்தக் காலத்துக்கு மத்திய அரசாங்கத்தின் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு 3 ஆண்டுகளுக்கும் சேர்த்து 31,500 ரூபாய். அதில் விவசாயியின் கையில் நேராகச் சேருவது 15,000 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கருக்கு ஓர் ஆண்டுக்குச் சுமார் 2,000 ரூபாய்! மூன்று நான்கு ஆள் கூலிக்குச் சரியாகப் போய்விடும்.

உரத்துக்கு 2½ லட்சம் கோடி. உரத்தை விடுகிறவருக்கு ஏக்கருக்கு 2,000 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விவசாயி ஏன் மாறத் தயங்குகிறார் என்பது யாருக்கும் விளங்கும்.

அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் வைத்திருப்பவர் இந்தச் சூதாட்டம் ஆட முடியாது. குத்தகைக்கு உழுகிறவர் நினைத்தும் பார்க்க முடியாது. இரண்டு ஆண்டு பாடுபட்டு மண்ணைத் திருத்திய பிறகு, "நிலத்தை விடு" என்று உடையவர் சொன்னால் அவர் என்ன செய்வார்?

முத்திரையும் மோசடியும்

இனி கடைக்கு வருவோம். அங்கே கொடுக்கும் கூடுதல் விலை விவசாயிக்குப் போகிறதா?

எல்லா இடத்திலும் போகிறது என்று சொல்ல முடியாது. பாரம்பரிய நெல்லைச் சிறு அளவில் அரைக்க ஆலை கிடைப்பது கடினம். வண்டு விழாமல் இருக்க மருந்துப் புகை போட முடியாது. அதனால் சேதம் உண்டு. வண்டிச் சத்தம், பைக் கூலி, கடை வாடகை, விளம்பரம் எல்லாம் உண்டு. இவை போகத்தான் குடியானவர் பங்கு. நேர்மையான கடைக்காரரும் திணறுகிறார். நேர்மையற்றவரோ, சந்தையில் வாங்கிய சாதாரண அரிசிக்குச் சாக்குப்பை மாட்டி "ஆர்கானிக்" என்று விற்றுவிடுகிறார். அவர் ஏமாற்றுவது வாங்குகிறவரை மட்டும் அல்ல. உண்மையாகப் பாடுபட்ட விவசாயியின் விலையையும் அவர்தான் திருடுகிறார்.

இதைத் தடுக்க 2017-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதிகள் வந்தன. பையில் அடைத்து "ஆர்கானிக்" என்று விற்றால் அத்தாட்சி வேண்டும். அதற்குரிய முத்திரை இருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் அதைப் பார்க்கப் பழக வேண்டும்.

ஆனால் அத்தாட்சிக்குச் செலவும் காகித வேலையும் உண்டே, சிறு விவசாயி என்ன செய்வார்? அதற்கும் வழி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குறைந்தது 5 பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் சோதித்துச் சான்று சொல்லும் 'பி.ஜி.எஸ்.' முறை அது. செலவு மிகவும் குறைவு. விளைவித்ததை நேரில் மக்களுக்கு விற்கும் சிறு விவசாயிக்கு அத்தாட்சி கட்டாயமில்லை என்றும் விதி சொல்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய முத்திரை, வாங்குகிறவர் ஒரு நாள் நேரில் போய் வயலைப் பார்ப்பதுதான்!

கத்தரிக்காய் பளபளப்பு

வாங்குகிறவர்கள் பக்கமும் தவறு இருக்கிறது. சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? புரட்டிப் பார்க்கிறோம். ஒரு துளை இருந்தால் ஒதுக்கி விடுகிறோம். பளபளப்பாக இருப்பதைப் பொறுக்குகிறோம்.

கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழு மிகவும் பொல்லாதது. துளையில்லாத காய்தான் விலை போகும் என்பதால் விவசாயி திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார். மருந்து அடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருக்கும். ஆனால் கத்தரி அடிக்கடி பறிக்கும் பயிர். நாளைக்குச் சந்தை என்றால், காத்திருக்க முடியுமா? நாம் கேட்ட பளபளப்பை அவர் கொடுத்தார். மருந்தையும் சேர்த்து வாங்கி வந்தவர்கள் நாம்.

முழு இயற்கை விவசாயத்துக்கு மாற முடியாதவருக்கும் நடுப்பாதை ஒன்று இருக்கிறது. இனக்கவர்ச்சிப் பொறி வைத்துப் பூச்சியைப் பிடிக்கலாம். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். துளைத்த தண்டைக் கிள்ளி அழிக்கலாம். மண்ணைச் சோதித்து, தேவையான உரத்தை மட்டும் போடலாம். மருந்து அடித்தே தீர வேண்டுமானால், சொன்ன அளவும் சொன்ன நாளும் காக்கலாம். நாட்டில் 100-க்கு 90 பேர் இந்த நடுப்பாதையில் நடந்தால், 5 பேர் முழு இயற்கை விவசாயம் செய்வதைவிட ஊருக்கு வரும் நன்மை பெரிது.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, மாறுதல் காலத்து நஷ்டத்தை விவசாயி ஒருவரே சுமக்கக் கூடாது. யூரியா மானியத்தில் மிச்சமாகும் தொகையை, யூரியாவைக் குறைத்த விவசாயியின் கையிலேயே கொடுக்க வேண்டும். குத்தகைக்காரருக்கும் அதில் பங்கு வேண்டும்.

இரண்டாவது, மாறுதலில் இருக்கும் நிலத்தின் விளைச்சலுக்கு நிச்சயமான சந்தை வேண்டும். காமராஜர் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்ட மாநிலம் இது. சத்துணவுக் கூடங்களுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இந்த அரிசியையும் பருப்பையும் அரசாங்கம் நல்ல விலைக்கு வாங்கினால், விவசாயிக்குத் தைரியம் வரும். நஞ்சு குறைந்த சோறு முதலில் ஏழைப் பிள்ளையின் தட்டில் விழும். வசதியுள்ளவர் மட்டுமே சுத்தமான சோறு சாப்பிடலாம் என்பது ஒரு நல்ல சமுதாயத்துக்கு அழகல்ல.

மூன்றாவது, ஆலோசனை சொல்லும் வேலை மருந்துக் கடைக்காரர் கையில் இருக்கக் கூடாது. பயிர் பார்க்கும் அதிகாரி வயலுக்கு வர வேண்டும். இந்தோனேசியா செய்தது போல, வயலே பள்ளிக்கூடமாக வேண்டும்.

நான்காவது, வாங்குகிறவர்கள். 1999-இல் மதுரையில் தொடங்கி ஊர் ஊராக வந்த உழவர் சந்தை இன்றும் இருக்கிறது. அங்கே விளைவித்தவர் முகத்தைப் பார்த்து வாங்கலாம். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு விவசாயியோடு ஒப்பந்தம் செய்து, "மாறுகிற இரண்டு வருஷமும் உங்களிடமே வாங்குகிறோம்" என்று சொல்லலாம். மாறி முடித்தவரிடம் வாங்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மாறிக் கொண்டிருப்பவரிடம் வாங்கத்தான் ஆள் இல்லை.

ரேஷன் அரிசி சாப்பிடுகிறவரைப் பார்த்து "நஞ்சு தின்கிறாய்" என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். அந்த அரிசிதான் இந்த நாட்டில் பஞ்சத்தை விரட்டியது. அந்த நெல்லை விளைவித்தவரும், மாப்பிள்ளைச் சம்பா விளைவிப்பவரும் ஒரே ஊர்க்காரர்கள். ஒருவருக்கொருவர் பகைவர் அல்ல. ஒருவர் நேற்று நம் பசியைத் தீர்த்தார். மற்றவர் நாளைக்கு நம் மண்ணைக் காப்பார். அந்த ஒருவரே மற்றவராக மாறுவதற்கு நாம் கை கொடுக்க வேண்டும்.

சுத்தமான சோறு வேண்டும் என்று கேட்பது நியாயம். அந்தச் சோற்றை விளைவிக்கிறவர் பட்டினி கிடக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேட்போம். இரண்டையும் கேட்கிறவர்தான் உண்மையான இயற்கை உணவுக்காரர்!